எந்தக் கை, சொல்லுங்கோ

அவரை நான் முதலில் அறிந்தது ஒரு கடிதமாகத்தான்.

"உங்கள் அறிக்கையில் 'ஏறக்குறைய' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. மூன்றும் ஒரே தூரமா, வெவ்வேறு தூரமா என்பதைத் தெரிவிக்கவும்." கடிதம் அவ்வளவுதான். கீழே 'ஒழுங்கு நடவடிக்கைக் குழுச் செயலாளர்' என்று தட்டச்சு செய்திருந்தது. அதற்கு மேல் கையெழுத்தாக ஒரு தமிழ்ப் பெயர்.

சமையலறையில் நின்றபடி அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. லண்டன் முழுக்க ரக்பி லீக் ஆட்டத்தில் இருக்கும் ஒரே தமிழன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ரக்பி லீக் என்பது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி. பதினைந்து பேர் ஆடும் ரக்பியும் இதுவும் பங்காளிகள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகமாட்டார்கள். நான் மலேசியாவின் ஈப்போவில் விடுதிப் பள்ளியில் படித்தபோது பதினைந்து பேர் ஆட்டம் ஆடியவன். பொறியியல் படிக்க லண்டன் வந்து, படிப்பு முடிந்து, குடிநீர்க் குழாய்கள் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முழங்காலையும் உடைத்துக்கொண்டபின், சனிக்கிழமைகளில் விசில் ஊதும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். அமெச்சூர் ஆட்டங்கள். கோடைக்காலத்தில் நடக்கும். ஆடுபவர்கள் குழாய் பழுதுபார்ப்பவர்கள், வங்கி ஊழியர்கள், ஊர் சுற்ற வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள், பசிபிக் தீவுகளிலிருந்து வந்த டோங்காக்காரர்கள்.

ஆட்டக்காரர் ஒருவரை நடுவர் வெளியேற்றினால் அது அன்றோடு முடியாது. நடுவர் அறிக்கை எழுதவேண்டும். அதை வைத்துச் செயலாளர் குற்றச்சாட்டுக் கடிதம் அனுப்புவார். ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுத்தால் மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். தண்டனை ஆட்டக்கணக்கில் இருக்கும்: இரண்டு ஆட்டம், நான்கு ஆட்டம், எட்டு ஆட்டம். எல்லாம் சம்பளமில்லாத வேலை. அதனால் பல ஊர்களில் இதைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அவர் இருந்த ஊரில் அது நடக்காது.

விசாரணைகள் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, சவுத்தாலுக்குப் பக்கத்தில் ஒரு சமூக மண்டபத்தின் மேல்மாடியில் நடந்தன. பகலில் அந்த அறை மழலையர் பள்ளி. பெரியவர்களுக்கு ஐந்து நாற்காலிகள்தான் உண்டு. அவற்றில் குழுவினர் மூவரும், செயலாளரும், சாட்சியும் உட்காருவார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைப்பது முழங்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி. நூற்றிருபது கிலோ ஆள் ஒருவர் அதில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பின்சுவரில் ஒட்டிய காகிதப் பட்டாம்பூச்சிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், குற்றம் பாதி மன்னிக்கப்பட்டுவிடும்.

அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். முன்வரிசை ஆட்டக்காரரின் முழங்கை உயரம் இருப்பார். பருத்திச் சேலை, அதற்கு மேல் ஆண்கள் போடும் மழைச்சட்டை, காலில் ஓட்டச் சப்பாத்து. மடியில் ஒரு கோடு போட்ட கொப்பி. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்திருந்தார். தலைப்புகள் தமிழில்: கண்டது, கேட்டது, நினைச்சது.

"நீங்கள்தானே அந்த ஏறக்குறைய?" என்றார் என்னைப் பார்த்ததும்.

"ஆமாங்க. நான் பதில் போட்டேனே."

"ஓம், கிடைச்சது. மூண்டும் மூண்டு தூரம். அப்ப ஏன் ஒரே சொல்லு எழுதினனீங்கள்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வேலையைத் தொடங்கிவிட்டார்.

செயலாளருக்கு வாக்கு கிடையாது. கேள்வி கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். தீர்ப்பு சொல்வது தலைவர் ஜெஃப்பும் மற்ற இருவரும். ஜெஃப் யார்க்ஷயர்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஆனால் ஆட்டக்காரர்கள் பயந்தது அந்த மூன்று பேருக்கல்ல, செயலாளருக்கு. யாராவது "அவன் என்னைத் தாக்கினான்" என்றால் இவர் பேனாவைக் கீழே வைப்பார். "தாக்கினான் என்பது நினைத்தது. கை எங்கே பட்டது? எந்தக் கை? எழுந்து செய்து காட்டுங்கள்," என்பார் ஆங்கிலத்தில். செய்து காட்ட ஆளில்லையென்றால் தன்னையே பிடிக்கச் சொல்வார். மலைபோன்ற ஆஸ்திரேலியர் ஒருவர், கழுத்துக்கு மேலே பிடித்த குற்றத்துக்காக வந்தவர், சேலை கட்டிய இந்தச் சிறிய பெண்மணியின் தோளைச் சுற்றிக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோலக் கையை வைத்தபடி, "இப்படித்தான் ஆன்ட்டி... இல்லை, இதைவிடக் கொஞ்சம் மேலே," என்று தன் குற்றத்தைத் தானே அளந்து சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் என்னை அண்ணை என்றார். யார் மூத்தவர் என்று இரண்டு வருடம் தெரியாமலேயே இருந்தோம். ஒரு படிவத்தில் பிறந்த தேதி எழுதும்போதுதான் நான் ஒன்றரை வயது மூத்தவன் என்று தெரிந்தது. "சரியான சொல் தங்கச்சிதான் போலிருக்கே, நீங்கதான் சரியா இருக்கணும்பீங்களே," என்று சீண்டினேன். "அக்கா எண்டு கூப்பிடேக்கை நீங்கள் கொஞ்சம் பயப்பிடுறீங்கள். அது நல்லது. இருக்கட்டும்," என்றார்.

அவருடைய சம்பள வேலை மொழிபெயர்ப்பு. நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் அகதி விசாரணைகளிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நிற்கும் வேலை. ரக்பி லீக் எப்படி வந்தது என்று கேட்டேன். இங்கிலாந்து வந்த புதிதில் கணவரோடு யார்க்ஷயரில் ஒரு சிறிய ஊரில் இருந்தாராம். வாடகை அறையின் சமையலறை யன்னலைத் திறந்தால் நேரே மைதானம். "ரீவி இல்லை, சிநேகிதம் இல்லை, பாஷை இல்லை. கோப்பை கழுவிக்கொண்டு இதைத்தான் பார்த்தனான். இங்கிலீசிலை நான் முதல் படிச்ச சொல்லு 'ஆஃப்சைட்'. 'குட் மோர்னிங்' எல்லாம் அதுக்குப் பிறகு."

லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் இருந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் ஓர் அணியில் ஓரத்து ஓட்டக்காரனாக ஆடினான். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இருபத்தாறு வயது, கணக்காளன். நடுவர் ஒருவரிடம் வாய்காட்டியதற்காக அவன்மேல் குற்றச்சாட்டு. விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஆர்ச்வே முருகன் கோயிலில் அவனுடைய அம்மா அக்காவைத் தேடிப் பிடித்திருக்கிறார். கையில் ஒரு பெட்டி பயத்தம் பணியாரம்.

"தங்கச்சி, எங்கட பிள்ளைதானே. பார்த்துச் செய்யுங்கோ."

இவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் சன்னிதியில் அந்த அம்மா அழுதிருப்பார். செவ்வாய்க்கிழமை மாலை விசாரணை தொடங்கியதும் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தார். "தலைவர் அவர்களே, குற்றம் சாட்டப்பட்டவரின் தாயார் என்னைக் கோயிலில் சந்தித்து இதைக் கொடுத்தார். பத்து உருண்டைகள் இருக்கின்றன. நான் ஒன்றையும் தொடவில்லை. 'பார்த்துச் செய்யுங்கோ' என்று சொன்னார். அதற்கு 'கவனமாகச் செய்யவும்' என்றும் பொருள் கொள்ளலாம், 'சலுகை காட்டவும்' என்றும் பொருள் கொள்ளலாம்."

மஞ்சள் நாற்காலியில் அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

ஜெஃப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இது என்ன?"

"பயறும் தேங்காயும் சர்க்கரையும். மாவில் தோய்த்துப் பொரித்தது."

"தீர்ப்புக்குப் பிறகு சாப்பிடலாமா?"

"அதற்கு விதியில் தடையில்லை."

இரண்டு ஆட்டம் தடை விதித்தார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டார்கள், அவனும் சேர்ந்து. அதற்கடுத்த மாதம் முழுக்க அந்த அம்மா கோயிலில் காண்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பணியாரத்தையும் திண்டுபோட்டு என்ரை பிள்ளையை ரெண்டு மட்ச் தள்ளிவைச்சிட்டா!" இவருடைய காதுக்கும் அது வந்தது. "அவ சொன்னதிலை ஒரு பிழையும் இல்லையே," என்றார்.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த என் முறையும் வந்தது.

சியோனே என்று ஒரு டோங்காக்காரர். முன்வரிசையில் ஆடுபவர், அலமாரி அகல முதுகு. கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர். எட்டு வருட ஆட்டத்தில் ஒருமுறைகூட வெளியேற்றப்பட்டதில்லை. செப்டம்பரில் குடும்பத்தோடு ஊர் திரும்ப இருந்தார். அவருடைய அணி இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், மழை தூறிய ஒரு சனிக்கிழமை, பந்தோடு விழுந்த எதிரணிக்காரர்மேல் நாலைந்து பேர் குவிந்தார்கள். யாரோ அலறினார்கள். குவியல் பிரிந்தபோது விழுந்தவரின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சியோனேயின் கை அவர் முகத்துப் பக்கமிருந்து எழுந்தது. நான் விசிலை ஊதி அவரை வெளியேற்றினேன்.

அவர் தலையைக் குனிந்து நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். "அவர் மூடிய வலது முட்டியால் முகத்தில் குத்தியதை நான் தெளிவாகக் கண்டேன்." 'ஏறக்குறைய' ஓர் இடத்திலும் இல்லை. எழுதி முடித்ததும் எனக்கு மிகத் திருப்தியாக இருந்தது.

குத்தியதற்குக் குறைந்தது ஆறு ஆட்டம். ஒப்புக்கொண்டால் குறைப்பார்கள் என்று அவருடைய அணியினர் கெஞ்சியும் சியோனே மறுத்துவிட்டார். "செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படி நான் பாடுவேன்?" என்று கேட்டாராம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா என் அறிக்கையை வாசித்தார். பிறகு குட்டி நாற்காலிகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். ஏ, பி, சி எழுதிய கம்பளத்தில், குழுவின் மூன்றாவது ஆளான பள்ளி ஆசிரியர் மூக்குடைந்தவராக மல்லாந்து படுத்தார். ஜெஃப்பும் இன்னொருவரும் பக்கவாட்டில் மண்டியிட்டார்கள். சியோனே தான் இருந்த இடத்தில் குனிந்தார்.

"நடுவர் எங்கே நின்றார்?"

அறையின் மறுகோடியில், கதவருகே போய் நின்றேன்.

"அந்த நேரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்?"

அதை நான் அதுவரை யோசித்திருக்கவே இல்லை. கால்களுக்குத்தான் நினைவிருந்தது. ஆட்டத்தில் ஒருவர் விழுந்ததும் தற்காத்து ஆடும் அணி பத்து மீட்டர் பின்னால் போகவேண்டும். அவர்களைப் போகச் சொல்லி நான் திரும்பியிருந்தேன். இப்போதும் அப்படியே திரும்பினேன். எதிரே கதவு இருந்தது.

அக்கா கைகளைத் தட்டினார். அலறல் என்று வைத்துக்கொள்ளவேண்டும். நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

சியோனேயின் முதுகு தெரிந்தது. முதுகு மட்டும்தான். அதற்கு அப்பால் ஒரு ஜோடிச் சப்பாத்து. கொஞ்சம் கழித்து அவர் எழும்போது, இடது கை, விரல்கள் விரிந்தபடி, தரையை ஊன்றி மேலே வந்தது.

"எந்தக் கை, சொல்லுங்கோ," என்றார் அக்கா. அதுமட்டும் தமிழில் வந்துவிட்டது.

படுத்திருந்த ஆசிரியர்கூடத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நான் பார்க்கலக்கா," என்றேன். "திரும்பினப்ப ரத்தம்தான் தெரிஞ்சது. பார்த்தேன்னு எழுதிட்டேன்."

என் வாய் ஆங்கிலத்தைத் தேடுவதற்குள் அவர் குழுவின் பக்கம் திரும்பி மொழிபெயர்த்துவிட்டார். "அவர் சொல்கிறார்: நான் காணவில்லை. திரும்பியபோது ரத்தத்தைத்தான் கண்டேன். கண்டதாக எழுதிவிட்டேன்." ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார்கள். சியோனே என் அருகில் வந்து என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து மூக்குடைந்தவரே எழுதி அனுப்பினார்: இடித்தது தன் சொந்த அணிக்காரரின் முழங்கால், யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்று.

படியிறங்கும்போது அக்கா என்னோடு வந்தார். "இதையும் நான் எழுதவேணும் அண்ணை. உங்கட ஆக்களுக்கு."

"எழுதுங்க."

"நீங்களாச் சொன்னதையும் எழுதுவன். அதுவும் நடந்ததுதானே."

நடுவர் சங்கம் ஒரு மாதம் என் விசிலை வாங்கிவைத்துக்கொண்டு கையில் கொடியைக் கொடுத்தது. எல்லைக்கோட்டில் ஓடும் உதவியாளர் வேலை. எனக்கு அக்காமேல் கோபம்தான். அவர் தொலைபேசியில் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, பதில் சொல்லும் இயந்திரத்தில் ஒரு தகவல் விட்டிருந்தார். அறிவுரையாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். அவருடைய கணவரின் கதை.

கணவர் அகதி விண்ணப்பம் செய்தபோது, ராணுவ முகாமில் தன்னைக் "கையைக் கட்டி நிக்கவைச்சவங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்த்தவர் 'கைகட்டி நின்றார்' என்று எடுத்துக்கொண்டு, மார்பின் குறுக்கே கைகளை மடக்கி நின்றதாகச் சொல்லிவிட்டார். உண்மையில் அது முதுகுக்குப் பின்னால் கயிற்றால் கட்டப்பட்ட கை. தழும்பு இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. சும்மா கைகட்டி நின்றவருக்கு என்ன ஆபத்து என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய மேலும் இரண்டு வருடம். "ஒருக்கால் செய்து காட்டச் சொல்லியிருந்தா ஒரு நிமிசத்திலை முடிஞ்சிருக்கும் அண்ணை. அவ்வளவுதான். கோவிக்காதேங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை," என்று முடிந்தது தகவல்.

நான் அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். இறுதியாட்டத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

இறுதியாட்டத்தில் நான் கொடிக்காரன். கடைசிப் பத்து நிமிடத்தில், எட்டு வருடமாக ஒரு ட்ரைகூடப் போடாத சியோனேயிடம் எப்படியோ பந்து வந்துசேர்ந்தது. முன்வரிசைக்காரர்கள் ஓடமாட்டார்கள், இடிப்பார்கள். இவர் ஓடினார். மூலையை நோக்கி, நான் நிற்கும் கொடியை நோக்கி, இரண்டு பேர் காலில் தொங்க, நிலம் அதிர ஓடிவந்து விழுந்து பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் ஊன்றினார். அதுதான் ட்ரை, கால் பக்கத்து எல்லைக்கோட்டைத் தொடாமல் இருந்தால். நடுவர் தூரத்தில் இருந்தார். என்னைப் பார்த்தார். கால் எல்லைக்கோட்டைத் தொட்டதா?

சியோனே புல்லில் கிடந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கண்டீர்களா?" என்றார்.

"கண்டேன்!" என்று கத்தினேன். கோட்டுக்கும் அவர் சப்பாத்துக்கும் நடுவே நாலு விரல் பச்சைப் புல். அவ்வளவு தெளிவாக என் வாழ்நாளில் நான் எதையும் கண்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர் என்னைக் கொடியோடு சேர்த்துத் தூக்கிவிட்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது கூட்டத்தில் அக்கா தெரிந்தார். குதித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் நடந்ததைத்தான் இன்றுவரை நான் பலரிடம் சொல்லிச் சிரிக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. வெயில் தாழ்ந்து நேரே என் கண்ணுக்குள். ஓர் அணியின் சிறிய ஆள் பந்தோடு நுழைய, எதிரணிக்காரர் ஒருவர் பிடித்து வீழ்த்தினார். எனக்கு நிழல்தான் தெரிந்தது. ஆட்டம் தொடரட்டும் என்று கையைக் காட்டினேன். அப்போது ஓரத்திலிருந்து, இரண்டு அணியும் நின்று திரும்பிப் பார்க்கும்படியாக, தமிழில் ஒரு குரல் எழுந்தது.

அக்காவுடைய குரல். அவருடைய கை தலைக்கு மேலே நின்றது. அடுத்த நொடி அவர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் நேரே வந்தார். "அறிக்கை எழுதுவீங்கள்தானே?"

"விடுங்கக்கா. யாருக்கும் ஒண்ணும் புரியல."

"உங்களுக்கு விளங்கினதுதானே?"

"கொஞ்சம்."

"அப்ப எழுதுங்கோ."

நடுவரை நோக்கிச் சத்தமிடுவது யாராக இருந்தாலும் குற்றம். பொறுப்பில் இருப்பவர் செய்தால் இன்னும் மோசம். நான் எழுதினேன். குற்றச்சாட்டுக் கடிதம் அனுப்பவேண்டியது செயலாளர். அவரே தட்டச்சு செய்து, அவரே கையெழுத்திட்டு, தபால்தலை ஒட்டித் தன் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டார். மறுநாள் காலை அது வந்து சேர்ந்ததும், குற்றத்தை ஒப்புக்கொண்டு செயலாளருக்குப் பதில் எழுதி, அதற்கும் தபால்தலை ஒட்டினார். ஒப்புக்கொண்டால் நேரில் வரவேண்டியதில்லை. ஆனாலும் வந்தார். வந்து மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அந்த நாற்காலிக்குப் பொருத்தமான அளவில் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான்.

ஜெஃப் என் அறிக்கையை வாசித்தார். "அவர் தம் மொழியில், 'உங்கள் கண்கள் களைத்துவிட்டனவா? தயவுசெய்து விசாரியுங்கள்' என்று உரக்கக் கூறினார்."

அக்கா கையை உயர்த்தினார். "மொழிபெயர்ப்பில் பிழைகள் உள்ளன."

"நீங்கள்தான் ஒப்புக்கொண்டுவிட்டீர்களே," என்றார் ஜெஃப்.

"பிழையான வசனத்தை ஒப்புக்கொள்ள முடியாது. நான் சொன்னது, 'விசரா! உனக்குக் கண் அவிஞ்சு போச்சோ?' நடுவர் மலேசியாக்காரர். 'விசரா' என்பதை 'விசாரி' என்று கேட்டிருக்கிறார். அது அவருடைய குற்றமில்லை. விசரன் என்றால் பைத்தியக்காரன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையிலேயே நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொடிக்காரரிடம் விசாரிக்கச் சொல்கிறார் என்று, எவ்வளவு பொறுப்பான பெண்மணி என்று.

"அடுத்தது," என்றார் அக்கா. "கண் களைப்பது வேறு. அவிவது என்றால் கொதிநீரில் வேகுவது. முட்டை அவிவதுபோல. இதை அவர் தெரிந்தே மென்மையாக எழுதியிருக்கிறார்."

ஜெஃப் என்னைப் பார்த்தார். நான் பட்டாம்பூச்சிகளைப் பார்த்தேன்.

"மூன்றாவது. எங்கள் மொழியில் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்' உண்டு. நான் அதை விட்டுவிட்டு 'நீ' என்ற வகையில் பேசியிருக்கிறேன். எங்களிடையே அதுவும் தனிக் குற்றம்."

"அதற்குத் தனிக் குற்றச்சாட்டு வேண்டுமா?" என்று கேட்டார் பள்ளி ஆசிரியர், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

"அது குழுவின் முடிவு."

முதலில் உடைந்தது ஜெஃப்தான். மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முட்டையா! அவித்த முட்டையா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அவருடைய தோள்கள் ஆடத் தொடங்கின. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அந்தக் குட்டி நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தண்டனையைக் குறைக்கச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கடைசியில் கேட்டார்கள்.

"ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிடி கழுத்துக்கு மேலேதான்."

"அது இந்தக் குழுவின் முன் இல்லை."

"எழுதச் சொல்லவில்லை. சொல்லிவைக்கிறேன்."

இரண்டு சனிக்கிழமை எந்த மைதானத்துக்குள்ளும் காலடி வைக்கக்கூடாது என்று தீர்ப்பானது.

முதல் சனிக்கிழமை அவர் வீட்டில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். இரண்டாவது சனிக்கிழமை நான் ஊதிய மைதானம் ஒரு பெருந்தெருவின் ஓரத்தில் இருந்தது. கம்பி வேலி, அதற்கப்பால் நடைபாதை, அதில் ஒரு பேருந்து நிறுத்தம். அது மைதானமல்ல, நகராட்சிக்குச் சொந்தமான இடம். அதன் இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தார், வேலிக்கு முதுகைக் காட்டியபடி. தீர்ப்பில் பார்க்கக்கூடாது என்று இல்லை. ஆனால் பார்ப்பது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். எண்பது நிமிடமும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கூட்டம் கத்தும்போதெல்லாம் அவருடைய கழுத்து மட்டும் விறைப்பதை நான் வேலி வழியாகக் கண்டேன்.

கடைசி நிமிடத்தில் ஒரு ட்ரை. அதில்தான் ஆட்டம் முடிவானது. நான் விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் உடைமாற்றப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. ஒருவர் வேலிக்கதவைத் திறந்தார். இரண்டு அணியும், புல்லும் சேறும் ஒட்டிய உடம்போடு, நடைபாதைக்குப் போய் நிறுத்தத்தைச் சூழ்ந்துகொண்டன. நானும் பின்னால் போனேன்.

"ஆன்ட்டி, கேளுங்கள், பந்து இங்கேயிருந்து வந்தது..."

"வந்தது என்று சொல்லாதீர்கள். யார் எறிந்தது? எந்தக் கை?"

எறிந்தவர் எறிந்து காட்டினார். பிடிக்கத் தவறியவர் தவறிக் காட்டினார். வீழ்த்தப்பட்டவர் தயங்காமல் நடைபாதையில் நீட்டிப் படுத்தார். அவர்மேல் ஒருவர் குறுக்கே விழுந்தார். அந்த நேரம் பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது.

ஓட்டுநர், ஐம்பது வயதிருக்கும் ஒரு சர்தார்ஜி, தரையில் கிடந்தவர்களைப் பார்த்துப் பதறினார். "அடிபட்டுவிட்டதா?"

"இல்லை. செய்து காட்டுகிறார்கள்," என்றார் அக்கா.

"நீங்கள் ஏறுகிறீர்களா?"

"இன்னும் முடியவில்லை."

மேல்தட்டில் இருந்த பயணிகள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எங்கை நிண்டனீங்கள் அண்ணை?" நான் ஆறு அடி எடுத்துவைத்து, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கிருந்து எல்லாம் சரியாகத் தெரிந்தது.

ட்ரை போட்டவர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கண் அக்காமேல், நடைபாதையின் விளிம்பை நோக்கி மிக மெதுவாக ஓடத் தொடங்கினார். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, படிக்கு வந்து நின்றார்.

"ட்ரையா, இல்லையா?" என்று கேட்டார்.

"பொறுங்கள்," என்று கையை உயர்த்தினார் அக்கா. "இன்னும் கோட்டைத் தாண்டவில்லை."